குடும்பத்தோடு முதல் சைக்கிள் பயணம்: கடலோரமா, காவிரிக்கரையா, செட்டிநாடா?

"அரையாண்டு லீவு வருது. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நாலு நாள் சைக்கிள்லயே எங்கேயாவது போகணும். எங்கே போகலாம்?"

ஞாயிறு காலைகளில் குடும்பமாக மிதிக்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது. என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் கையிலேயே வைத்திருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, தஞ்சாவூரிலிருந்து காவிரியை ஒட்டிப் பூம்புகார், காரைக்குடியில் தங்கிச் செட்டிநாட்டு ஊர்கள். இந்த மூன்றில் எது?

மூன்றுக்கும் நாங்கள் போய்வந்திருக்கிறோம். நான், கணவர், பெரியவன், சின்னவள். முதலில் போனது கடற்கரைச் சாலை. அப்போது பெரியவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 8. அடுத்த வருடம் செட்டிநாடு. அதற்கப்புறம் இரண்டு முறை காவிரிக்கரை. இந்த வரிசையே தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. முதல் பயணம் பிடித்துவிட்டால் அடுத்ததைப் பிள்ளையே கேட்கும். வெயிலும் ஹாரன் சத்தமும் மட்டும் மனசில் தங்கிவிட்டால், மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் இங்கே எழுதியிருப்பது எல்லாமே முதல் பயணத்தை மனதில் வைத்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

பெரியவர்கள் முதலில் பார்ப்பது மொத்த தூரத்தை. குடும்பப் பயணத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. 8, 9 வயதுப் பிள்ளை 20 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 9, 10 கி.மீ. போகும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக மிதிக்காது. அப்படியானால் 6, 7 கி.மீ.க்கு ஒரு தடவை ஒரு டீக்கடையோ, குளக்கரையோ, கோயில் மண்டபமோ வந்தாக வேண்டும். நாளுக்கு 30, 35 கி.மீ. தாராளம்.

இரண்டாவது, சாலையில் போகும் வண்டிகளின் வேகம். நெரிசல் அல்ல, வேகம். கடைத்தெரு நெரிசலில் எல்லாரும் மெதுவாகப் போவார்கள். பிள்ளையை இறக்கி உருட்டிக்கொண்டு போய்விடலாம். காலியான அகலச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் உரசிப் போகும் காரும் பஸ்ஸும்தான் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு: கிலோமீட்டர் கல்லின் தலை. மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சின்னவளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். மஞ்சள் கல் கண்ணில் பட்டால் "அம்மா, மஞ்சள்!" என்று அவளே கத்துவாள். வரிசை உடனே ஒற்றை வரிசையாகும். பெரியவன் முன்னால், அவள் நடுவில், அவளுக்குப் பின்னால் சற்று வலப்புறம் தள்ளி நான், கடைசியில் கணவர்.

மூன்றாவது நிழலும் காற்றும். இந்த மூன்று வழியிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏற்றம் கிடையாது. சமவெளியில் எதிர்க்காற்றுதான் ஏற்றம். எந்த மாதம், எந்தத் திசை என்று பார்க்காமல் கிளம்பினால் தட்டைச் சாலையில் மலையேறுவது போலத்தான் இருக்கும்.

நான்காவது, பாதியில் முடித்துக்கொள்ள வழி உண்டா? ரயில் நிலையம் எவ்வளவு பக்கம், நான்கு சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள ஒரு குட்டியானை வண்டி கிடைக்குமா என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் தங்குமிடம், சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளை இறங்கி நின்று பார்க்க என்ன இருக்கிறது என்பது.

## கிழக்குக் கடற்கரைச் சாலை

சென்னையில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். வீட்டு வாசலிலேயே சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிடலாம், ரயிலில் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அது சின்ன வசதி அல்ல. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 45 கி.மீ., அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 95 கி.மீ. சொச்சம்.

முதல் பாதி நன்றாகவே இருக்கும். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் முட்டுக்காடு பாலத்தில் சூரியன் வரும். அந்த நேரத்தில் சென்னையின் சைக்கிள் கூட்டம் அத்தனையும் அந்தச் சாலையில்தான். எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சின்னவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். கோவளம் தாண்டினால் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. அப்புறம் மாமல்லபுரம், 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கடற்கரைக் கோயிலும் குடைவரைகளும் ஒருபுறம் இருக்க, பிள்ளைகளுக்கு அங்கே பிடித்தது சரிவில் உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்தான்.

சிக்கல் அதற்குத் தெற்கே. கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கழிமுகத்தைப் பார்த்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, மரக்காணத்து உப்பளங்கள் என்று பார்க்கிற இடங்கள் அருமையானவைதான். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே நீண்ட வெட்டவெளி, மிகக் குறைந்த நிழல், வேகத்துக்காகவே அகலமாகிக்கொண்டிருக்கும் சாலை. மஞ்சள் தலைக் கற்கள். சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ஓரத்து ஜல்லி வேறு.

நாங்கள் போனது ஒரு மார்ச் மாதம். கோடையில் பத்து, பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பும். தெற்கே போகிறவர்களுக்கு அது முகத்தில் அறையும். இதை யோசிக்காமல் கிளப்பியது நாங்கள்தான். மாமல்லபுரத்தில் தங்கி, மறுநாள் கிளம்பி, கடப்பாக்கம் வருவதற்குள் மணி பன்னிரண்டு. ஒரு பெரிய பஸ் தாண்டிய வேகத்தில் சின்னவளின் ஹேண்டில் பார் அவள் கையிலேயே துடித்தது. அவள் விழவில்லை. இறங்கி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒற்றைப் பனைமரத்தின் விரல்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. அடுத்த ஊரில் ஒரு குட்டியானையைப் பேசிப் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனோம். அதற்குப் பின் இரண்டு மாதம் அவள் அந்தச் சைக்கிளைத் தொடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் அறை வாடகை எகிறும். குடும்பத்துக்கு இரண்டு அறை என்றால் ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும். டிசம்பர் கடைசி வாரத்தில், முக்கியமாகப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு நாட்கள், இந்தச் சாலையில் பிள்ளைகளோடு இறங்கவே கூடாது.

இந்த வழி யாருக்குச் சரி? பிள்ளைகள் 14, 15 வயதைத் தாண்டிவிட்டார்கள், கையில் இருப்பது இரண்டே நாள், வீடு சென்னை என்றால் தாராளமாகப் போகலாம். டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று முதுகைத் தள்ளும். அந்த மாதங்களில் தெற்கே போவது சுகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொண்டு, இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் திரும்பிவிடுங்கள். அதுவே நல்ல பயணம்தான்.

## காவிரிக்கரை: தஞ்சாவூரிலிருந்து பூம்புகார்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதப்போகிறேன்.

தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். மொத்தம் 110 கி.மீ. அளவில் வரும், நான்கு நாள். முதல் நாள் தூரம் 13 கி.மீ. மட்டுமே. இரவு ரயிலில் வந்து இறங்கி, சைக்கிளைச் சரிபார்த்து, பெரிய கோயிலையும் பார்த்துவிட்டு, வெயில் தாழக் கிளம்பினால் போதும். ஆனால் அந்த 13 கி.மீ.யில் ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. திருவையாறு என்று ஊருக்கு ஏன் பெயர் வந்தது என்று பாடம் நடத்தத் தேவையே இல்லை. ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, விரல் விட்டு எண்ணி, ஐந்தாவது பாலத்தில் "ஐ…யாறு!" என்று சின்னவளே கண்டுபிடித்தாள். காரில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம். அவள் அந்தப் பாலங்களைப் பார்த்ததே இல்லை.

திருவையாற்றில் இறங்கியதும் அசோகா. பாசிப்பருப்பில் நெய் சொட்டச் செய்கிற அந்த இனிப்பைச் சூடாக வாழை இலைத் துண்டில் வாங்கி, தியாகராஜர் சமாதி இருக்கும் ஆற்றங்கரைப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிதித்துவிட்டுச் சாப்பிடுகிற இனிப்புக்கு ருசியே வேறு.

இரண்டாம் நாள் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். ஏறத்தாழ 35 கி.மீ. மூன்று வழிகளிலும் எனக்கு மிகப் பிடித்த நாள் இது. கல்லணையில் தொடங்கிக் காவிரிப்பூம்பட்டினத்தில் முடியும் மாநில நெடுஞ்சாலை 22-ஐப் பிடித்துக்கொண்டுதான் நம் பயணம் பெரும்பாலும் போகிறது. பச்சைத் தலைக் கற்கள். இரண்டு, மூன்று கி.மீ.க்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை, ஒரு குளம், நிற்க ஒரு மரம். அக்கம்பக்கத்து ஊர்களில் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குச் சைக்கிளைப் பார்த்துப் பழக்கம் இருக்கிறது.

நாங்கள் இரண்டாவது முறை போனது அரையாண்டு விடுமுறையில், மார்கழியில். ஆறரை மணிக்குக் கிளம்பினால் வயல்மேல் பனி இறங்கியிருக்கும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எங்கேயோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஊருக்குள் நுழைந்தால் தெருவை அடைத்துக் கோலம், நடுவில் சாணி உருண்டையில் செருகிய பரங்கிப்பூ. சின்னவள் எந்தக் கோலத்தின் மேலும் சக்கரம் ஏறாமல் வளைந்து வளைந்து ஓட்டினாள். ஒரு வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, எங்களை நிறுத்தி, "எங்கேருந்தும்மா வர்றீங்க? இந்தச் சின்னப் புள்ளையா மிதிக்குது?" என்று கேட்டு, உள்ளே போய் ஒரு சொம்பில் சூடாகப் பால் கொண்டுவந்து கொடுத்தார். காரில் போகிறவர்களை யாரும் அப்படி நிறுத்திப் பால் கொடுப்பதில்லை.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். முதலில் மெழுகில் சிலை. அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஸ்தபதி ஒரு துண்டு மெழுகைச் சின்னவளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கைச்சூட்டிலேயே அது இளகி விரல் ரேகை பதிந்தது. அந்தத் துண்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அன்று காலை எந்த ஆற்றை ஒட்டி மிதித்துவந்தோமோ அந்த ஆற்று மண்தான் அச்சு என்று தெரிந்ததும், பெரியவன் வெளியே வந்து கரை மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

மூன்றாம் நாள் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை. 35 கி.மீ. சொச்சம்தான், ஆனால் நான்கு நாளில் கவனமாக இருக்க வேண்டிய நாள் இதுதான். பஸ்கள் நேரம் பிடிக்கப் பறக்கும். திருவிடைமருதூர் தாண்டும்வரை காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. முடிந்த இடங்களில் உள்கிராமச் சாலைகளுக்கு இறங்கிவிடுங்கள். தூரம் கூடும், மனசு லேசாகும்.

நான்காம் நாள் பூம்புகார், 24 கி.மீ. திருவையாற்றில் அகலமாகக் கிடந்த காவிரி இங்கே வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிப்போய்க் கடலில் சேர்கிறது. பெரியவன் கல்லெறிந்தால் அக்கரையில் விழும். "இவ்வளவுதானா?" என்றவன், கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "மீதித் தண்ணியெல்லாம் அந்தப் பாலத்துக்கு அடியில, வயலுக்குப் போயிடுச்சும்மா." கல்லணையிலேயே கொள்ளிடம், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்து, வயல் வயலாகப் போய்ச் சேர்ந்த மிச்சம்தான் அங்கே கடலுக்குப் போவது. நான்கு நாள் மிதித்ததில் அவனுக்கு அது தானாகப் புரிந்திருந்தது.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது போகவே வேண்டாம். மழை ஓய்ந்தபின்னும் டிசம்பர் கடைசியில் ஒரு நாள் நனைய நேரிடலாம். அந்த ஒரு நாளைத் திட்டத்திலேயே சேர்த்துவையுங்கள். மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்கே மிதிக்கையில் லேசாக எதிர்க்கும், ஆனால் சாலையோர மரங்களும் வீடுகளும் தடுத்துவிடும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பூம்புகார் வரை முதுகைத் தள்ளும், ஆற்றிலும் தண்ணீர் ஓடும். வெயில்தான் கடுமை, பள்ளி விடுமுறையும் இருக்காது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது சாலையின் ஒரு பாதியில் நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோல் சங்கிலியிலும் பின் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். இறங்கி உருட்டிக்கொண்டு போவதுதான் வழி.

பெரிய மறைமுகச் செலவு தங்குமிடம். திருவையாற்றில் சாதாரண விடுதிகள்தான். கும்பகோணத்தில் விடுதிகள் நிறைய, ஆனால் சனி, ஞாயிறுகளில் நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்களால் நிரம்பிவிடும். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை போனில் அறை சொல்லிவைத்தும், நாங்கள் சேர்ந்தபோது கல்யாண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருட்டிய பிறகு நான்கு சைக்கிளோடு நாலு தெரு அலைந்தோம். அதனால் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்து, முன்பணமும் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். பூம்புகாருக்கு ரயில் கிடையாது. மயிலாடுதுறைக்குத் திரும்பி வர வேண்டும். மிதித்தே திரும்பலாம், இல்லையென்றால் குட்டியானை.

இந்த வழியில் பாதியில் நிறுத்திக்கொள்வது எளிது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. எந்த ஊரில் முடித்தாலும் "பாதியில் விட்டுவிட்டோம்" என்ற எண்ணம் வராது, ஒவ்வொன்றும் தனியாகவே போய்ப் பார்க்கத் தகுந்த ஊர்.

## செட்டிநாடு

மற்ற இரண்டும் ஊர்விட்டு ஊர் போகும் பயணம். இது ஒரே இடத்தில் தங்கி, காலையில் ஒரு பக்கம், மறுநாள் இன்னொரு பக்கம் என்று சுற்றிவருவது. பெட்டி, பை எதையும் சைக்கிளில் கட்ட வேண்டாம். ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் திட்டம் கலையாது. தாத்தா, பாட்டியும் வரலாம். அவர்கள் விடுதி முற்றத்தில் உட்கார்ந்திருக்க, நாம் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். என் மாமியார் எங்களோடு வந்த ஒரே சைக்கிள் பயணம் இதுதான். மாலையில் பிள்ளைகள் வந்து அன்று பார்த்ததை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு அவரிடம் சொல்வார்கள். அவருக்கும் அது பயணமாகவே இருந்தது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் 10 கி.மீ., பிள்ளையார்பட்டி அதற்குக் கொஞ்சம் அப்பால். இன்னொரு நாள் ஆத்தங்குடி. அங்கே தளக்கல் செய்வதைப் பார்க்காமல் வராதீர்கள். கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவத் தகட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, தகட்டைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி எடுத்துவிடுகிறார்கள். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவதுதான். சூளை எதுவும் கிடையாது. பிறகு கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் போனால் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள்.

இன்னும் தெம்பு இருந்தால் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே திருமயம் கோட்டை, 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. அந்த நெடுஞ்சாலையில் வேகம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு போகாதீர்கள். நானும் பெரியவனும் மட்டும் போனோம். அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா என் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நானும் அறிவொளி வகுப்புக்குப் போனப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்றார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அதற்கு முன்பு ஊருக்குள் ஒரு பெண் சைக்கிள் ஏறுவதே பேச்சாகிவிடும் காலம். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியபோது என் அம்மா வாசலில் நின்று பயந்த பயம் எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியவன் அன்று இரவு அந்த அம்மாவைப் பற்றி மாமியாரிடம் சொன்னான்; மாமியார் ரொம்ப நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குறைகள் இரண்டு. ஒன்று முள். சீமைக்கருவேல முள் டயரில் ஏறாத நாளே இல்லை. மூன்று நாளில் எங்களுக்கு ஏழு பஞ்சர். மாற்று ட்யூப் தலைக்கு இரண்டு, ஒட்டுப் போடும் ரப்பரும் சொல்யூஷனும், கைப்பம்பும் கட்டாயம். மெல்லிய வால்வு உள்ள வெளிநாட்டு மாதிரி ட்யூப் என்றால் ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது. சின்ன இணைப்பு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, பழைய செட்டிநாட்டு வீடுகளை மாற்றி அமைத்த விடுதிகளில் ஓர் இரவுக்கே பல ஆயிரம் ஆகும். காரைக்குடியில் சாதாரண விடுதியில் தங்கி, ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை அந்த வீடுகளில் ஒன்றில் சாப்பிட்டால் போதும்.

## ஒரே பார்வையில்

| | கடற்கரைச் சாலை | காவிரிக்கரை | செட்டிநாடு |
|---|---|---|---|
| மொத்த தூரம் | சுமார் 140 கி.மீ. | சுமார் 110 கி.மீ. | நம் விருப்பம்; நாளுக்கு 20, 30 கி.மீ. |
| தேவைப்படும் நாள் | 2, 3 | 4, மழைக்கு ஒன்று கூடுதல் | 3 |
| நிறுத்தங்கள் | மாமல்லபுரத்துக்குத் தெற்கே தொலைவு | 2, 3 கி.மீ.க்கு ஒன்று | ஊருக்கு ஊர் உண்டு, நடுவே பொட்டல் |
| வண்டி வேகம் | மிக அதிகம் | கும்பகோணம், மயிலாடுதுறை நடுவே அதிகம் | உள்சாலைகளில் குறைவு |
| நிழல் | குறைவு | நிறைய | குறைவு |
| ஏற்ற காலம் | டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி, புத்தாண்டு தவிர | டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி | டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி |
| மறைமுகச் செலவு | வார இறுதி அறை வாடகை | முகூர்த்த நாள் அறைத் தட்டுப்பாடு, பூம்புகாரிலிருந்து திரும்பும் வண்டி | பஞ்சர், விடுதி வாடகை |
| பாதியில் நிறுத்த | குட்டியானை | ரயில்; தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறையில் | தேவையே இல்லை |
| குறைந்த வயது | 14 | 8 | 6, பின்சீட்டில் என்றால் 3 |

## எங்கே போனாலும் கூடவே வரும் செலவுகள்

சைக்கிளை ரயிலில் கொண்டுபோவதுதான் எல்லாருக்கும் தயக்கம். பயணச்சீட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்தால் பிரேக் வேனில், அதாவது ரயிலின் சரக்குப் பெட்டியில், ஏற்றுவார்கள். வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையங்களில் நான்கு சைக்கிளை இறக்குவது நடக்காத காரியம். எனவே கிளம்பும் இடத்திலிருந்து கடைசி நிலையம் வரை போகும் ரயிலையே பாருங்கள். எழும்பூரிலிருந்து தஞ்சாவூரோடு முடியும் உழவன், காரைக்குடியோடு முடியும் பல்லவன் இரண்டும் அந்த வகையில் வசதி. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, சங்கிலிப் பக்கத்தைப் பழைய போர்வையால் சுற்றிவிட்டால் கீறல் விழாது. திரும்பும்போது மயிலாடுதுறையில் ரயில் ஏற்ற நேரம் போதாது என்று தோன்றினால், சைக்கிள்களை மட்டும் லாரி பார்சலில் போட்டுவிட்டு நீங்கள் ரயிலில் வரலாம்.

இன்னொன்று, பிள்ளையின் சைக்கிள் அளவு. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி காலின் முன்பாதம் தரையில் பதிய வேண்டும். பெரிய சைக்கிளில் வீட்டுத் தெருவில் சமாளிக்கிற பிள்ளை, 20 கி.மீ.க்குப் பிறகு சமாளிக்காது. புதிதாக வாங்கப் பணம் இடிக்கிறது என்றால், தெரிந்த வீட்டில் சரியான அளவு சைக்கிளை நான்கு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் சைக்கிளில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தவிர எதையும் கட்டாதீர்கள்.

## ஆக, நான் யாருக்கு எதைச் சொல்வேன்

பிள்ளைக்கு 8 வயதிலிருந்து 13 வயது, நான்கு நாள் கிடைக்கிறது என்றால் காவிரிக்கரை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்னதாகத் தொடங்க விரும்பினால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம்வரை இரண்டே நாள் போய்விட்டு ரயில் ஏறிவிடுங்கள். நல்லதெல்லாம் அந்த இரண்டு நாளிலேயே கிடைத்துவிடும்.

பிள்ளைக்கு 8 வயது ஆகவில்லை, அல்லது வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்றால் செட்டிநாடு. கணவன், மனைவியில் ஒருவருக்கு மிதித்துப் பழக்கம் குறைவு என்றாலும் அதுதான்; அன்றைக்கு முடியாதவர் அன்றைக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்.

வளர்ந்த பிள்ளைகள், இரண்டு நாள், சென்னை என்றால் கடற்கரைச் சாலை. சின்னவளுக்கு இப்போது 13 ஆகிறது. "அந்த ரோட்டை அடுத்த வருஷம் நான் முடிக்கணும்மா, ஆலம்பரைக் கோட்டையை இன்னும் பார்க்கலையே" என்று அவளே கேட்டிருக்கிறாள். இந்த முறை பிப்ரவரியில், காற்று முதுகில் இருக்கும்படி.

காவிரி என்று முடிவு செய்தவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது; அரையாண்டு விடுமுறைக்கான உழவன் டிக்கெட்டுக்கு அக்டோபர் கடைசி வாரத்தில் விழித்திருக்க வேண்டும். அன்றைக்கே கும்பகோணத்துக்குப் போன் போட்டு அறையையும் சொல்லி, முன்பணத்தையும் கட்டிவிடுங்கள்.